பழைய கிராமபோனும் ஜூக்பாக்ஸும் சேகரிக்க ஆசை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பழைய கிராமபோன், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ், வால்வு ஆம்ப்ளிஃபயர் இவற்றின் மேல் ஆசை வந்திருக்கிறது, முதலில் எதை வாங்குவது, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, வாங்கியதை அலங்காரத்துக்கு நிறுத்தாமல் அதில் நிஜமாகவே பாட்டுக் கேட்க முடியுமா?

கடைசிக் கேள்வியில் தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் வழி அதில்தான் இருக்கிறது. தாராளமாகக் கேட்கலாம். நூறு வருஷம் பழைய ஸ்பிரிங் மோட்டாரைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் இன்றைக்கும் ஓடும். மின்சாரம் தேவையில்லை; எரிந்துபோக உள்ளே ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனைதான். எந்த இசைத்தட்டு எந்தக் கருவியை மனதில் வைத்துச் செய்யப்பட்டதோ அந்த வகைக் கருவியில்தான் அதைப் போட வேண்டும். தட்டும் கருவியும் ஜோடி. ஜோடி மாறினால் சத்தமே வராமல் போகலாம், அல்லது ஒரே தடவையில் தட்டு பாழாகலாம். ஆகவே எந்த மாடல் என்று தேடுவதற்கு முன்னால், எந்தக் காலத்துப் பாட்டைக் கேட்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். அது தெளிவானால் என்ன வாங்க வேண்டும் என்பதில் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தட்டுக்கு முன்னால், பாட்டை உருளையில் பதிந்த காலத்திலிருந்து வருவோம். 1877-இல் எடிசன் செய்த முதல் போனோகிராஃப் மெல்லிய வெள்ளீயத் தாளில் குரலைப் பதிந்தது. சில முறை ஓட்டினாலே தாள் நைந்துவிடும். வீடுகளுக்குள் வந்தது அதற்குப் பிந்தைய மெழுகு உருளைதான். எடிசன் கம்பெனியின் ‘ஹோம்’, ‘ஸ்டாண்டர்டு’, ‘ஜெம்’ ஆகிய ஸ்பிரிங் மோட்டார் மாடல்கள் 1896-க்கும் 1899-க்கும் இடையில் வெளிவந்தன. ஆரம்பத்தில் உருளைகளின் வேகம் பலவிதமாக இருந்தது. 1902 வாக்கில் நிமிடத்துக்கு 160 சுற்று என்று நிலைபெற்றது. அங்குலத்துக்கு 100 தடம், ஏறக்குறைய இரண்டு நிமிடப் பாட்டு. 1908-இல் அங்குலத்துக்கு 200 தடமாக நெருக்கி நான்கு நிமிட உருளையைக் கொண்டுவந்தார்கள். 1912-இல் மெழுகை விட்டு செல்லுலாய்டில் ‘புளூ அம்பரால்’ வந்தது. இங்கேயே ஜோடிப் பிரச்சினை தொடங்கிவிடுகிறது. இரண்டு நிமிட உருளைக்கு எடிசனின் ‘சி’ ரகத் தலை (ஊசிமுனையைத் தாங்கிச் சத்தம் எழுப்பும் பாகம்), நான்கு நிமிடத்துக்கு ‘எச்’ ரகத் தலை. இரண்டு நிமிட ஊசிமுனை பெரியது. அதை நெருக்கமான நான்கு நிமிடத் தடத்தில் இறக்கினால் தடத்தை உழுதுவிடும். தலையை நகர்த்தும் திருகின் வேகமும் மாற வேண்டும். அதனால்தான் பிற்கால எடிசன் கருவிகளில் பல்சக்கரத்தை மாற்ற ஒரு குமிழ் இருக்கும். உருளைக் கருவி வாங்கும்போது, “இது இரண்டா, நான்கா, இரண்டுமா?” என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

உருளை ரொம்ப அழகான விஷயம். அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இருந்தாலும் முதல் கருவியாக அதைச் சொல்ல மாட்டேன். மெழுகு உருளைகளில் பூஞ்சை பிடித்தால் அது மெழுகையே தின்றுவிடும். துடைத்தாலும் போன சத்தம் திரும்பாது. பழுப்பு மெழுகு உருளையை வெளிப்பக்கமாகப் பிடிக்கவே கூடாது. இரண்டு விரலை உள்ளே விட்டு, விரல்களை மெல்ல விரித்துத் தூக்க வேண்டும். குளிர்ந்த உருளை கைச்சூடு பட்டே விரிசல் விடுவதுண்டு. கையாளும் பழக்கம் வந்தபிறகு உருளைக்குப் போனால் போதும்.

தட்டு எமில் பெர்லினருடைய வழி. 1887-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கிராமபோனில் தடம் பக்கவாட்டில் நெளிகிறது. எடிசனுடையதில் தடம் ஆழத்தில் ஏறி இறங்குகிறது. தட்டை அச்சுப் போல அழுத்தி ஆயிரக்கணக்கில் எடுக்கலாம் என்பதால் பெர்லினர் வழியே வென்றது. அவருக்கு ஸ்பிரிங் மோட்டார் செய்து கொடுத்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1901-இல் தொடங்கியதுதான் விக்டர் கம்பெனி. எல்லோருக்கும் தெரிந்த அந்த நாய்ப் படத்தில்கூட இந்தப் போட்டி ஒளிந்திருக்கிறது. ஓவியர் ஃபிரான்சிஸ் பாரோ முதலில் வரைந்தபோது நாய்க்கு முன்னால் இருந்தது உருளைக் கருவி. 1899-இல் கிராமபோன் கம்பெனிக்காக அதன்மேலேயே தட்டுக் கருவியை வரைந்து கொடுத்தார்.

எடிசனும் 1912-இல் தட்டுக்கு வந்தார், ஆனால் தன் வழியை விடவில்லை. அவருடைய ‘டயமண்ட் டிஸ்க்’ கால் அங்குலத் தடிமன்; கையில் எடுத்தாலே கனம் தெரியும். தடம் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். ஊசி மாற்ற வேண்டாத வைரமுனை. நிமிடத்துக்கு 80 சுற்று. சாதாரண கிராமபோனில் இதைப் போட்டால் சத்தம் சரியாக எழாது, எஃகு ஊசி தடத்தை நாசம் செய்யும். எடிசன் கருவியில் சாதாரணத் தட்டைப் போடுவதும் அதே அளவு தப்பு. பாத்தே கம்பெனியும் ஆழத்தடம்தான். அதற்கு உருண்டையான நீலக்கல் முனை வேண்டும். அவர்களுடைய ஆரம்பகாலத் தட்டுகள் நடுவிலிருந்து வெளியே ஓடும். கனமான தட்டையும் விசித்திரமான தட்டையும் கண்டால் ஊசியை இறக்குமுன் லேபிளைப் படியுங்கள்.

அடுத்த பெரிய திருப்பம் 1925. அதுவரை பாடகர் ஒரு ஹாரனுக்குள் (வாய் விரிந்த கூம்புக் குழாய்) பாடுவார், அந்தக் காற்றின் அதிர்வே மெழுகை வெட்டும். வயலின் சத்தம் போதாமல், உலோக ஹாரன் பொருத்திய வயலின் செய்து வாசித்த காலம் அது. 1925-இல் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் பதிவுக் கூடத்துக்கு வந்தன. தட்டில் கீழ்ச்சுருதியும் மேல்சுருதியும் கூடின, சத்தமும் கூடியது. ஊசியின் அசைவைச் சத்தமாக்கும் பழைய மைக்கா சவுண்ட் பாக்ஸால் அதைத் தாங்க முடியவில்லை. உரத்த இடங்களில் இரையும். அதே 1925-இல் விக்டர் கொண்டுவந்த ‘ஆர்த்தோபோனிக்’ கருவிகள் இந்தப் புதிய தட்டுகளுக்காகவே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. உள்ளே மடித்து வைத்த நீண்ட ஹாரன், அதிர்ந்து சத்தம் எழுப்பும் அலுமினிய டயஃப்ரம். அவற்றில் பெரியதான ‘கிரெடென்சா’வை நல்ல நிலையில் ஒருமுறை கேட்டுவிட்டால், ‘பழைய கிராமபோன் என்றால் மூக்கால் பாடும்’ என்ற எண்ணம் அன்றோடு போய்விடும். மின்சாரமே இல்லாமல் ஒரு மரப்பெட்டி அறையை நிறைக்கும்.

சரி, முதலில் எதை வாங்கலாம்? என் பதில் எப்போதும் ஒன்றுதான்: 1920-களின் கடைசி முதல் 1950-கள் வரை வந்த ஒரு நல்ல போர்ட்டபிள் பெட்டி. எச்.எம்.வி. 102 மாடல் 1931-இல் வந்து பல வருஷம் தொடர்ந்து தயாரான பெட்டி. சவுண்ட் பாக்ஸ் மைக்ரோபோன் காலத் தட்டுகளுக்கு ஏற்றது, ஹாரன் பெட்டிக்குள்ளேயே மடங்கியிருக்கிறது, மூடியை மூடித் தூக்கிக்கொண்டு போகலாம். கொலம்பியா, டெக்கா போர்ட்டபிள்களும் நல்லவை. உங்களுக்குக் கிடைக்கப்போகும் 78 வேகத் தட்டுகளில் (நிமிடத்துக்கு 78 சுற்று) பெரும்பாலானவை இந்தப் பெட்டிகளின் காலத்தவையே. தட்டும் கருவியும் தாமாகவே பொருந்துகின்றன. கூடவே இன்னொரு நன்மை: போர்ட்டபிளைப் போலியாகச் செய்ய மெனக்கெடுபவர்கள் குறைவு.

போலிகள் பெரும்பாலும் ஹாரன் வைத்த கருவிகளில்தான். பளபளக்கும் பெரிய பித்தளை ஹாரன், எண்கோணப் பெட்டி, முகப்பில் நாய்ப் பட லேபிள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு அடி பின்னால் நின்று பாருங்கள். அக்காலத்து ஹாரன்களில் பெரும்பாலானவை வண்ணம் பூசிய எஃகுத் தகடு; முழுப் பித்தளையும் உண்டு, ஆனால் மடிப்பும் இணைப்பும் சீராக இருக்கும். போலியில் ஹாரனையும் டோன் ஆர்மையும் (சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் குழாய்க் கை) சேர்க்கும் முழங்கை முரடாக வார்த்தது போல் இருக்கும், பற்றவைத்த தடம் தெரியும். மோட்டாரைக் கேட்டுத் திறந்து பாருங்கள். ஏதோ ஒரு பழைய போர்ட்டபிளிலிருந்து பிடுங்கிய மோட்டாராக இருக்கும்; அதற்காகப் பெட்டியில் புதிதாகத் துளை போட்டிருப்பார்கள். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருந்தால் இன்னும் சுலபம்: அது 1930-களில்தான் பரவியது, 1905-ஆம் வருஷப் பெட்டியில் அதற்கு வேலையில்லை. உண்மையான பெட்டியில் தேய்மானம் நியாயமான இடத்தில் இருக்கும். சாவி சுழற்றும் கை உரசும் இடம், மூடியைத் தூக்கும் விளிம்பு, ஊசி மாற்றும்போது விரல் படும் இடம். போலியில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, அல்லது எங்குமே இல்லை.

இரண்டு மூன்று கருவியின் உதிரிகளைச் சேர்த்து ஒன்றாக்கிய பெட்டிகளும் உண்டு. அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. கேட்பதற்கு மட்டும் வேண்டுமென்றால் அப்படியொன்றை வாங்கலாம். அசல் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள்.

வாங்கும் இடத்தில் என்ன பார்ப்பது? தட்டு இல்லாமலே பாதி தெரிந்துவிடும். மெதுவாகச் சாவி கொடுங்கள். இறுக்கம் சீராகக் கூடிக்கொண்டே போக வேண்டும். சட்டென்று வழுக்கினாலோ பிடி விட்டாலோ ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. பிரேக்கை விட்டதும் ஓடும்போது ‘தொம், தொம்’ என்று உள்ளிருந்து உதைத்தால் ஸ்பிரிங்கின் கிரீஸ் கெட்டியாகிச் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திடீரென விடுபடுகின்றன என்று அர்த்தம். இது பயப்பட வேண்டிய கோளாறு இல்லை, சுத்தம் செய்து புதுக் கிரீஸ் போட்டால் சரியாகும். ஆனால் ஸ்பிரிங் டப்பாவைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். சாவியை முழுவதும் ஓடவிடாமல் மோட்டாரைக் கழற்றினாலோ, டப்பாவிலிருந்து சுருளை அவிழ்க்கும்போது கை நழுவினாலோ அந்த எஃகுப் பட்டை கையைக் கிழித்துவிடும்.

வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். பட்டை ஸ்பிரிங்குகளில் மாட்டிய மூன்று சின்ன எடைகள் சுழலும். வேகம் கூடினால் எடைகள் விரிந்து ஒரு வட்டை இழுக்கும், அந்த வட்டு தோல் அல்லது கம்பளித் துண்டில் உரசி வேகத்தைக் குறைக்கும். பாட்டு நடுங்கினால் முதலில் அந்தத் துண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அவ்வளவுதான் விஷயம். வேகத்தைச் சரிபார்க்கத் தட்டின் அடியில் ஒரு காகிதத் துண்டை நுனி வெளியே தெரியும்படி செருகி, ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடம் சுற்றுகளை எண்ணினால் போதும். ஸ்ட்ரோப் அட்டை (சரியான வேகத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரியும் கோடுகள் அச்சிட்ட வட்டம்) இருந்தால் இன்னும் துல்லியம்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடு, 60 ஹெர்ட்ஸுக்கு 92 கோடு. பழைய பல்பு அல்லது நியான் விளக்கில்தான் அது நன்றாகத் தெரியும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 78 என்பது பிற்காலத்தில் உறுதியான எண். 1900-களின் ஆரம்பத் தட்டுகள் எழுபதிலிருந்து எண்பதுக்கு மேல் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும்; பாடகரின் குரல் இயல்பாக ஒலிக்கும் இடத்தில் காதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மோட்டாரைவிட உங்கள் காதுக்கு முக்கியம் சவுண்ட் பாக்ஸ். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வட்டத்தில்தான் மொத்தப் பாட்டும் பிறக்கிறது. ஊசியின் அசைவு ஒரு சின்ன நெம்புகோல் வழியாக மைக்கா அல்லது அலுமினிய டயஃப்ரத்துக்குப் போகிறது. டயஃப்ரத்தின் இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் இருக்கும். இத்தனை வருஷத்தில் அந்த ரப்பர் கல் மாதிரி ஆகியிருக்கும். விளிம்பை நகத்தால் அழுத்தினால் துளியும் அமுங்காது. சில சமயம் உடைந்து தூளாகவே கொட்டும். வளையம் இறுகிவிட்டால் டயஃப்ரம் சுதந்திரமாக அசைய முடியாது, சத்தம் தகரம் தட்டியது போல ஆகி, உரத்த இடத்தில் கரகரக்கும். தட்டும் பாழாகிறது, ஏனென்றால் அசைய மறுக்கும் ஊசி தடத்தின் சுவரோடு மல்லுக்கு நிற்கிறது. புதிய மென் ரப்பர் வளையம் போட்டு, நெம்புகோலின் அச்சைத் தொய்வும் இறுக்கமும் இல்லாமல் சரிசெய்ததும் வரும் மாற்றத்தை நேரில் கேட்டால்தான் நம்புவீர்கள். முன்பு கேட்காத தம்புரா, பின்னணியில் ஒரு மூச்சு, தாளக்கருவியின் அடி எல்லாம் தனித்தனியாக எழுந்து வரும். ஒரு கருவியை வாங்கியதும் நான் முதலில் செய்யச் சொல்வது இந்த வேலையைத்தான். மெருகு ஏற்றுவது அப்புறம்.

வார்ப்பு உலோகத்தையும் பாருங்கள். 1920-களில் சவுண்ட் பாக்ஸின் பின்புறம், டோன் ஆர்மின் அடிப்பாகம் போன்றவற்றைத் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அந்தக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்திருந்தால் காலப்போக்கில் உள்ளிருந்தே அரித்து, உப்பி, விரிசல் விடும். மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தப் பாகம் போனது போனதுதான். ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆர்த்தோபோனிக் கருவிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. 78 தட்டில் அரக்கு ஒரு சிறு பங்குதான். பெரும்பகுதி நைசாக அரைத்த கல்பொடி. தட்டு சுழன்ற முதல் சில வினாடிகளிலேயே அந்தப் பொடி ஊசிமுனையைத் தேய்த்துத் தடத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: கூர்முனை போய், உளி மாதிரி இரண்டு பக்கமும் பட்டையாகியிருக்கும். அந்த விளிம்போடு அடுத்த தட்டில் இறக்கினால் அது வெட்டுக்கத்தி. தட்டுகளில் நாம் காணும் சாம்பல் நிறத் தேய்மானம் இப்படி வந்ததே. மெல்லிய ஊசி போட்டால் சத்தம் தணியும், தடித்த ஊசிக்கு உரக்கும். அந்தக் கருவிகளின் வால்யூம் கட்டுப்பாடு அதுதான். மூங்கில் ஊசி, முள் ஊசி என்றும் உண்டு. நன்றாக இருக்கும் தட்டுக்கு அவை மிக மென்மையானவை. முன்பே எஃகால் தேய்ந்த தட்டில் நடுவழியிலேயே மழுங்கிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: எல்.பி.யையும் 45 வேகத் தட்டையும் கிராமபோனில் வைக்காதீர்கள். 1948-இல் கொலம்பியா கொண்டுவந்த எல்.பி.யும் 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 45-உம் வினைலில் நுண்தடம். இன்றைய டர்ன்டேபிளின் ஊசித் தலையான ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் தடத்தின்மேல் வைக்கும் பாரம் இரண்டு கிராம் அளவு. கிராமபோனின் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கும் மேல். ஒரே ஓட்டத்தில் தடம் போய்விடும். 1950-களில் வந்த கடைசிக்கால 78 தட்டுகளையும் எஃகு ஊசிக்குத் தராமல் இருப்பது நல்லது. அவை இலேசான மின் பிக்கப்பை (மின்சார ஊசித் தலை) எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை.

மாறாக, 78 தட்டை நவீன டர்ன்டேபிளில் கேட்பது நல்ல வழி. விலைமதிப்புள்ள தட்டுகளுக்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் எல்.பி. ஊசி போதாது. 78-இன் தடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அகலம், எல்.பி. ஊசி அடியில் கிடக்கும் அழுக்கில் இறங்கி அந்தச் சத்தத்தைத்தான் கொண்டுவரும். ஏறக்குறைய 75 மைக்ரான் முனையுள்ள 78 ஊசி போட்டு, இரண்டு சேனலையும் மோனோவாக இணைத்தால் இரைச்சல் பெருமளவு அடங்கும்.

தட்டைக் கழுவுவதற்கு ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் வேண்டாம். அரக்கு அதில் கரையும். ஒரு துடைப்பிலேயே பளபளப்பு போய்விடும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, மிருதுவான பிரஷ், தடம் போகும் திசையிலேயே தேய்த்து, லேபிளை நனைக்காமல், உடனே துடைத்துக் காயவிட்டால் போதும். எடிசன் டயமண்ட் டிஸ்குக்கு மட்டும் தண்ணீரே ஆகாது. உள்ளடுக்கு ஈரம் குடித்து உப்பி மேல்தோல் உரியும். வைக்கும்போது செங்குத்தாக, சாயாமல். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளது ஒருநாள் விரிசல் விடும்.

மரப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மெருகைச் சுரண்டி எடுத்துப் புது வார்னிஷ் அடிப்பதை நான் விரும்புவதில்லை. அழுக்குப் படிந்த மெருகு அழுக்கு நீங்கினாலே எழுந்து வரும். சுரண்டியது திரும்ப வராது. கம்பெனி எழுத்துகள் ஒட்டுச்சித்திரமாக இருப்பதால் ஈரத்துணி பட்டாலே கழன்றுவிடும் பெட்டிகளும் உண்டு. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சோதித்துவிட்டுத் தொடுங்கள்.

மின்கருவிகளுக்கு வந்தால் விதிகள் மாறுகின்றன. வால்வு ஆம்ப்ளிஃபயர், ரேடியோகிராம், ஸ்பூல் டேப் ரெக்கார்டர் எதுவானாலும், பல வருஷம் தூங்கியதை நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். உள்ளிருக்கும் மின்பகு கண்டென்சர்கள் காய்ந்திருக்கும், மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் கசியும். முழு மின்சாரம் பாய்ந்த மறுகணம் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனால் அந்தக் கருவிக்கு மாற்று கிடைப்பது அரிது. முதலில் கண்டென்சர்களை மாற்ற வேண்டும். பிறகு ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து கருவியைக் காப்பாற்றும். வால்வு கருவிக்குள் 300, 400 வோல்ட் சாதாரணம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் அது நிற்கும். சில பழைய ரேடியோக்களில் உலோகச் சட்டமே நேராக மின்கம்பியோடு இணைந்திருக்கும். பழகாதவர் இதில் கைவைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இந்தக் காலத்துக் கருவிகளில் காராட் 301, தோரன்ஸ் டி.டி. 124 ஆகிய 1950-களின் டர்ன்டேபிள்கள் இன்றும் அன்றாடம் ஓடத் தகுதியுள்ளவை. இரண்டிலும் ரப்பர் சக்கரம் ஒன்று தட்டைச் சுழற்றுகிறது. கருவியை அணைக்காமல் சக்கரம் அழுந்தியபடியே பல வருஷம் நின்றிருந்தால் அதில் ஒரு தட்டையான இடம் விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தட்’ என்று கேட்கும். வாங்குமுன் அந்தச் சக்கரத்தை விரலால் சுழற்றித் தடவிப் பாருங்கள்.

இனி ஜூக்பாக்ஸ். 1889 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு மதுக்கூடத்தில் லூயிஸ் கிளாஸ் என்பவர் காசு போட்டால் ஓடும் எடிசன் போனோகிராஃபை வைத்தார். ஆம்ப்ளிஃபயர் கிடையாது; நாலு பேர் நாலு குழாயைக் காதில் வைத்துக் கேட்டார்கள். மின் ஆம்ப்ளிஃபயரோடு, பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதியோடு ஏ.எம்.ஐ. கம்பெனியின் பெட்டி 1927-இல் வந்தபிறகுதான் ஜூக்பாக்ஸ் ஒரு அறையையே ஆடவைக்கத் தொடங்கியது. எல்லோர் மனதிலும் நிற்கும் அந்த வளைந்த முகப்பு, குமிழி ஏறும் வண்ணக் குழாய்கள் கொண்டது வர்லிட்சர் 1015. பால் ஃபுல்லர் வடிவமைத்து 1946-இல் வெளிவந்தது. 24 தட்டு, எல்லாம் 78. ஐம்பத்தாறாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். கேட்பவருக்கு என் பரிந்துரை அதுவல்ல, சீபர்க். 1948-இன் எம் 100 ஏ நூறு பாட்டைத் தேர்ந்தெடுக்கவிட்டது. 1950-இன் எம் 100 பி 45 வேகத் தட்டுக்கு மாறிய முதல் ஜூக்பாக்ஸ். தட்டுகள் செங்குத்தாக வரிசையில் நிற்க, இயந்திரம் தண்டவாளத்தில் ஓடி, வேண்டிய தட்டின் முன் நின்று, அதைப் பிடித்து இழுத்து நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசிக்கும். கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். 45 தட்டுகள் இன்றும் எளிதாகக் கிடைப்பவை. 78 ஜூக்பாக்ஸுக்கு நல்ல தட்டு தேடிப் போடுவதும், அதன் கனமான பிக்கப் அவற்றைத் தேய்ப்பதைப் பார்ப்பதும் மனதுக்குக் கஷ்டம்.

ஜூக்பாக்ஸில் பலரும் தவறவிடும் விஷயம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸ். பெரும்பாலானவை அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைச் சரிசெய்தாலும் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். 45 ஓட வேண்டிய இடத்தில் 37.5 ஓடும், பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவார். மோட்டார் தண்டில் 50 ஹெர்ட்ஸுக்கான பாகம் மாட்டினால் சரியாகும். அது கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பெட்டியை வாங்குங்கள். இயந்திரப் பகுதியில் எதுவும் குறையாமல் இருக்கிறதா என்பதே முதல் கவலையாக இருக்கட்டும். குரோம் மங்கியிருந்தால் பரவாயில்லை, பிளாஸ்டிக் முகப்பு விரிசல் விட்டிருந்தால்கூட மாற்றுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய பெட்டிகள் 150 கிலோவுக்கு மேல். தூக்குமுன் தட்டுகளை வெளியே எடுத்து, இயந்திரத்தைப் பூட்டும் போல்ட்டுகளை இறுக்குங்கள்.

வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கே கேட்கத் தொடங்கலாம். சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளை மின்வடிவாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2011-இல் தொடங்கிய ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ விக்டர் காலத் தட்டுகளைக் கேட்கத் தருகிறது. 1910-இல் பதிந்த ஒன்றையும் 1927-இல் பதிந்த ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹாரனுக்குள் பாடிய குரலா, மைக்கின் முன் பாடிய குரலா, எது உங்களை இழுக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முன்னதென்றால் மைக்கா சவுண்ட் பாக்ஸ் வைத்த பழைய கருவியையும், பின்னதென்றால் நான் சொன்ன போர்ட்டபிளையும் தேடுங்கள். தேடும்போதே ஊசி டப்பா நாலைந்து சேர்த்து வாங்கி வையுங்கள், பெட்டி வந்த அன்று முதலில் தீர்ந்துபோவது அதுதான்.